சென்னைப்பட்டினத்துக் கரையிலிருந்து உரோமாபுரிக்கு

(நமது பங்கின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற நவநாள் மாலைக் கூட்டமொன்றில் பங்குப் பேரவைச் செயலர் ஆற்றிய உரை)

காலை ஷிப்டை முடித்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் தம்பிமார்களே!

எனக்கு முதலில் ஒதுக்கப்பட்ட தலைப்பு ‘நம் பங்கின் வளர்ச்சி’ என்பது. அதை மாற்றித் தரும்படி சுவாமி அவர்களிடம் நானே கேட்டுக்கொண்டேன். வளர்ச்சியைக் காட்ட நான் எதற்கு? தலையை நிமிர்த்திப் பார்த்தால் போதும். சிமெண்டு ஷீட்டுப் போய்த் தளம் வந்திருக்கிறது. ஏரிக்கரையும் நெல்வயலுமாக இருந்த ஒரகடம் சாலையில் இன்று இரவு இரண்டு மணிக்கும் லாரி ஓடுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-க்குப் பிறகு ஒரகடத்தில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்கிறார்கள். இவையெல்லாம் நீங்கள் அறிந்த செய்திகள். அறியாத ஒன்றைச் சொல்லவே இந்த அரைமணி நேரத்தைக் கேட்டு வாங்கினேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை. புதிதாக வரப்போகும் ஓர் இயந்திரத்தைக் கற்றுக்கொண்டு வரக் கம்பெனி அவனை இரண்டு மாதம் இத்தாலிக்கு அனுப்புகிறதாம். பாஸ்போர்ட்டைக் காட்டினான். ஆசீர் கேட்டான். பிறகு, “சார், இத்தாலிக்காரங்க எப்படிப்பட்டவங்க சார்?” என்று கேட்டானே பார்க்கலாம்! நான் அரக்கோணம் தாண்டி ரயிலில் போனதே கையால் எண்ணக்கூடிய தடவைதான். “போய்ப் பார்த்துவிட்டு நீ வந்து எனக்குச் சொல்லப்பா” என்று அனுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. நம் நாட்டிலிருந்து முதன்முதலில் இத்தாலிக்குப் போய், அந்த மக்களைக் கண்ணால் கண்டு, கண்டதை எழுதிவைத்தவர் யார் என்று தேடத் தொடங்கினேன். தேடியவர் கிடைத்தார். அவர் கப்பலேறிய இடம் எது என்று நினைக்கிறீர்கள்? இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள நம் சென்னைப்பட்டினந்தான்!

அவர் பெயர் பாறேம்மாக்கல் தோமா கத்தனார். கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் தங்கள் குருக்களைக் கத்தனார் என்பார்கள். 1736-இல் பிறந்தவர். அவரோடு போனவர் கரியாட்டில் யோசேப்பு மல்பான். மல்பான் என்றால் சுரியானி மொழி கற்பிக்கும் ஆசிரியர். உரோமையில் படிக்கச் சேர்ப்பதற்காக இரண்டு மாணவர்களையும் அழைத்துக்கொண்டு 1778-இல் ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள். அதிரம்புழையில் நாட்டுப் படகு ஏறி, தெற்கே இறங்கி, நம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, ஐரோப்பாவுக்குப் போகும் கப்பலைத் தேடிக்கொண்டே கடைசியில் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் கப்பல் கிடைத்தது.

கப்பல் ஏறுவது என்றால் இப்போது போலப் பலகையில் நடந்து ஏறுவதென்று எண்ணிவிடாதீர்கள். சென்னைக்கு அப்போது துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரையை விட்டுத் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகுகள்தாம் ஆளையும் சரக்கையும் அலை கடந்து கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தப் படகில் ஓர் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகை நம் கரையின் அலை பிளந்துவிடும்; தைத்த படகு வளைந்து கொடுத்துத் தப்பிக்கும். பராமரிப்புப் பிரிவுத் தம்பிமார்களுக்கு இதன் அருமை புரியும். நம் மீனவர்களின் அந்தப் படகில் நனைந்துகொண்டேதான் அவர்களும் போயிருக்க வேண்டும்.

ஏன் போனார்கள்? இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும்.

அப்போஸ்தலரான தோமையார் வழியாக வேதத்தைப் பெற்றவர்கள் தாங்கள் என்பது அம்மக்களின் நம்பிக்கை. போர்த்துகீசியர் வந்தபின் 1599-இல் உதயம்பேரூரில் சங்கம் கூட்டி அவர்களுடைய வழக்கங்களையும் பழைய ஏடுகளையும் திருத்தினார்கள். மனக்கசப்பு முற்றி 1653-இல் மட்டாஞ்சேரியில் பெருங்கூட்டமாகக் கூடிச் சத்தியம் செய்து பிரிந்தார்கள். கூனன் குருசுச் சத்தியம் என்பது அதுவே. பிளவை ஆற்றுவதற்கு உரோமாபுரி கார்மேல் சபைத் துறவிகளை அனுப்பியது. முதலில் வந்த செபஸ்தியானி என்பவர் இத்தாலியர். பின்னாலும் இத்தாலியர் பலர் வந்து வராப்புழையில் தங்கி ஆட்சி செய்தார்கள். ஆகவே, நம் கத்தனார் இத்தாலியைக் காண்பதற்கு முன்பே இத்தாலியரைக் கண்டுவிட்டார். எப்படிக் கண்டார்? மேலே அமர்ந்திருப்பவர்களாகக் கண்டார். நாட்டுக் குருக்களை அவர்கள் மதிப்பதில்லை என்பதும், பழிசுமத்தப்பட்ட ஒரு பங்குக் குருவை அடைத்துவைத்துப் பட்டினியால் சாகவிட்டார்கள் என்பதும் அவர் எழுதிவைத்துள்ள குற்றச்சாட்டுகள். இந்தக் குறைகளை எடுத்துச் சொல்லவும், பிரிந்து நின்ற ஆறாம் மார் தோமா என்னும் தலைவர் கத்தோலிக்கத் திருச்சபையோடு மீண்டும் ஒன்றுசேர விரும்பி எழுதிய விண்ணப்பத்தைப் பாப்பரசரின் பாதத்தில் வைக்கவுமே பயணம். பிரிந்த சகோதரரை வீட்டுக்கு அழைத்துவரும் கடிதம் ஒரு கையில். வீட்டுக்குள் இருப்பவர்கள்மீது முறையீடு மறு கையில்!

கடல் வழியைக் கேளுங்கள். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869-இல். அதற்குத் தொண்ணூறு ஆண்டு முந்திய பயணம் இது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றவேண்டும். சுற்றி, மேற்குக் கரையில் பெங்குவேலா என்னும் துறையைத் தொட்டு, அங்கிருந்து நேரே வடக்கே போர்த்துகலுக்குப் போகலாம் என்றால் காற்று விடாது. பாய்மரக் கப்பலுக்குக் காற்றுதான் மாலுமி. அது மேற்கே தள்ளிக்கொண்டுபோய்ப் பிரேசில் நாட்டுப் பாகியாவில் விட்டது! உரோமைக்குப் புறப்பட்டவர்கள் அமெரிக்கக் கண்டத்தையும் பார்த்துவிட்டுத்தான் ஐரோப்பாவைப் பார்த்தார்கள். லிஸ்பன் நகரை அடைந்தது 1779 ஜூலையில். எட்டு மாதம்! அங்கிருந்து மறுபடியும் கடல்வழியே ஜெனோவா. பிறகு 1780 ஜனவரித் தொடக்கத்தில் உரோமாபுரி. என் மாணவன் மீனம்பாக்கத்தில் விமானமேறி, நடுவில் ஒரு நகரத்தில் மாறி, ஒரு நாளைக்குள் மிலான் போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்கே கால் வீங்கிவிட்டதாம்.

உரோமையில் என்ன நடந்தது?

கரியாட்டிலுக்கு உரோமை புதிதன்று. சிறுவனாக அங்கே போய் விசுவாசப் பரப்புதல் பேராயத்தின் கல்லூரியில் பதினோரு ஆண்டு படித்துக் குருவானவர் அவர். இத்தாலியர் கையால் உண்டு, இத்தாலியரிடம் இலத்தீன் கற்று, இத்தாலிய மொழியைத் தாய்மொழிபோல் பேசக்கூடியவர். படித்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறோம் என்ற உரிமையோடு போனார். அந்த வீட்டின் வாசலிலேயே அடி விழுந்தது. பேராயத்தின் செயலராக அப்போது இருந்தவர் ஸ்தேபனோ போர்ஜியா. வந்த இருவரும் கறுத்த நிறத்தவர். அவர்கள் சொல்லும் முறையீடோ வெள்ளை மிஷனரிமார்மீது. யாருடைய சொல்லுக்கு அங்கே எடை இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. செயலரின் கடுமையையும் அலட்சியத்தையும் கத்தனார் ஒளிக்காமல் எழுதுகிறார். படிக்கும்போது நமக்கே முகம் சிவக்கிறது. அப்போது பாப்பரசராக இருந்தவர் 6-ஆம் பத்திநாதர். உலகத்தின் பாதியைச் சுற்றி வந்தவர்கள், கேட்டது கைக்கு வராமலே 1780-ஆம் ஆண்டின் நடுவில் உரோமையை விட்டுக் கிளம்பினார்கள்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. இதே போர்ஜியா கீழை நாட்டுக் கல்வியில் பேரார்வம் கொண்டவர். வெல்லெத்ரி என்னும் தம் ஊரில் கீழை நாட்டு ஏடுகளையும் சிலைகளையும் நாணயங்களையும் சேர்த்து ஒரு காட்சிக்கூடமே வைத்திருந்தார். வராப்புழையில் பணியாற்றித் திரும்பிய பவுலினுஸ் என்னும் கார்மேல் துறவி, 1790-இல் ஐரோப்பாவிலேயே முதன்முதலாக ஒரு சமஸ்கிருத இலக்கணத்தை அச்சிட்டபோது அவருக்கு ஆதரவாக நின்றவரும் இவரே. நம் நாட்டு ஓலைச்சுவடியைப் பட்டுத்துணியில் வைத்துப் போற்றத் தெரிந்த மனிதருக்கு, அந்த ஓலையைப் படிக்கத் தெரிந்த இருவர் எதிரே வந்து நின்றபோது நாற்காலி போடத் தோன்றவில்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்லி முடித்துவிட்டால் நமக்கு எளிது. அவர் கெட்டவரல்லர் என்பதுதான் சங்கடம்.

கத்தனார் இதற்காக விசுவாசத்தை விட்டாரா? இல்லை. உரோமையின் ஆலயங்களைப் பற்றியும் புனிதர்களின் திருப்பண்டங்களைப் பற்றியும் அவர் எழுதும் பக்கங்களில் பக்தி பெருகுகிறது. இராயப்பரின் கல்லறையையும் அந்தக் கல்லறைக்குப் பக்கத்தில் அலுவலகம் வைத்திருப்பவர்களையும் அவர் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளவில்லை. அதேசமயம் வாயையும் மூடிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு நாட்டாரையும் அந்தந்த நாட்டார் ஆள்வது எங்கும் வழக்கமாயிருக்க, நம்மை மட்டும் பிற நாட்டார் ஆளவேண்டுமென்பது என்ன நியாயம் என்று கேட்கிறார். 1885-இல் காங்கிரஸ் பிறப்பதற்கு நூறு ஆண்டு முன்னால் ஒரு கத்தோலிக்கக் குரு கேட்ட கேள்வி இது! ‘வர்த்தமானப்புஸ்தகம்’ என்ற அந்த நூல் 1936-இல்தான் அச்சேறியது. இந்திய மொழிகளில் தோன்றிய முதல் பயண நூல் என்றே பலரும் கூறுவர்.

இவ்வளவையும் கேட்டபின், இத்தாலியர் என்றாலே இப்படித்தான் போலிருக்கிறது என்று யாராவது எண்ணினால், நம் தமிழ் மண்ணே எழுந்து மறுத்துப் பேசும். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் உரோமையில் பிறந்த பிரபு. தமிழ் உண்டு, தமிழ் உடுத்து, அதற்காகத் தம் சொந்தக் குருக்களிடமே பழிகேட்டு, 1623-இல் பாப்பரசர் 15-ஆம் கிரகோரியாரின் தீர்ப்பு வரும்வரை காத்துக் கிடந்தவர். 1656-இல் நம் மயிலாப்பூரில் உயிர்விட்டவர். வீரமாமுனிவரைப் பற்றி இங்கே நான் சொன்னால் கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். நம் காலத்துக்கு வந்தால், வியாசர்பாடியில் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் கதவு திறந்த சலேசியக் குரு மந்தோவானி சுவாமியைப் பார்த்தவர்கள் இன்னும் சென்னையில் இருக்கிறார்கள். இவர்கள் அனைவரும் இத்தாலியரே. கத்தனார் இவர்களில் ஒருவருக்கு எதிரே உட்கார்ந்து பேச வாய்த்திருந்தால் புத்தகத்தில் சில பக்கங்கள் வேறுவிதமாக அமைந்திருக்கும். அவருக்கு வாய்த்தது ஒரு மேசை; மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு செயலர்.

மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லிஸ்பனுக்குத் திரும்பி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். போர்த்துகல் அரசி முதலாம் மரியா கரியாட்டிலைக் கொடுங்ஙல்லூர்ப் பேராயராக நியமிக்க, 1783-இல் அங்கேயே அபிஷேகம் நடந்தது. ஒரு நாட்டுக் குரு தம் மக்களுக்கே பேராயரானார்! 1786-இல் கோவாவில் வந்து இறங்கினார். ஊருக்கு இன்னும் சில நாள் பயணந்தான். அந்த ஆண்டு செப்டம்பரில் கோவாவிலேயே இறந்துபோனார். எட்டு ஆண்டுக்குப் பின் கத்தனார் மட்டும் வீடு திரும்பி, 1799-இல் தாம் இறக்கும்வரை அந்த மறைமாவட்டத்தை நிருவகித்தார். சுரியானிக் கத்தோலிக்கருக்குத் தங்கள் இனத்து ஆயர்கள் கிடைத்தது 1896-இல். நம் தமிழருக்கோ, 1923-இல் தூத்துக்குடிக்குத் திபுர்சியுஸ் ரோச் ஆண்டகை ஆயரானபோதுதான்.

இனி என் மாணவனுக்கு வருகிறேன். வீரமாமுனிவர் பிறந்த காஸ்திலியோனே நீ போகும் லொம்பார்தி மாநிலத்தில்தான் இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொல்லியனுப்பினேன். போகவில்லை. தூங்கிவிட்டானாம். ஆனால் இத்தாலியரைப் பற்றி நிறையச் சொன்னான். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டுக்கு முத்திரை குத்தியவர் அவன் முகத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லையாம். ‘இவ்வளவுதானா இத்தாலி’ என்று முதல் நாள் இரவு அழுதிருக்கிறான். தொழிற்சாலையில் எல்லாரும் நம்மைப் போலவே சத்தம்போட்டுப் பேசுகிறார்கள், கையைக் கட்டிவிட்டால் அவர்களுக்குப் பேச்சே வராது என்றான். காப்பி இரண்டு மடக்குதானாம். கடையில் நின்றபடியே ஊற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். இவன் பிற்பகலில் பால் விட்ட காப்பி கேட்டதற்குக் கடைக்காரர், ‘உடம்புக்கு என்ன?’ என்பதுபோல் பார்த்தாராம். மூன்றாவது வாரம், ஓய்வுபெறப்போகும் ஒரு பிட்டர் இவனைத் தம் வீட்டுக்கு மதிய உணவுக்கு அழைத்துப் போயிருக்கிறார். அவருடைய தாயார் எண்பது வயதுக் கிழவி. தட்டு காலியாகவே விடவில்லையாம். “எங்க ஆயா மாதிரியே சார், போதும்னா காதுல விழாது” என்றான். அந்த வீட்டுக்குப் போகாமல் திரும்பியிருந்தால், இத்தாலியர் எப்படி என்ற என் கேள்விக்கு முத்திரை குத்தியவரைத்தான் பதிலாகக் கொண்டுவந்திருப்பான்.

இன்னொன்றும் சொன்னான். அந்த ஊர்க் கோவிலில் திருப்பலி நிறைவேற்றிய குருவானவர் கேரளத்துக்காரராம்! இத்தாலியில் குருக்கள் குறைந்துபோய், நம் நாட்டுக் குருக்கள் பலர் அங்கே பங்குகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவருடைய இத்தாலிய உச்சரிப்பைப் பற்றிக் கிழவிமார்கள் குறைப்பட்டுக்கொள்வார்களாம். குறைப்பட்டுக்கொண்டே முட்டையும் கொண்டுவந்து கொடுப்பார்களாம். கத்தனார் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

சகோதர சகோதரிகளே, தலைப்பை மாற்றிக் கேட்டதற்கான காரணத்தை இன்னும் நான் சொல்லவில்லை. கத்தனாரின் நூலில் செயலர் வரும் பகுதியைப் படித்துக்கொண்டிருந்த ஓர் இரவு, எனக்கு ஒரு கோப்பு நினைவுக்கு வந்தது. போர்ஜியா ஒரு செயலர். நானும் ஒரு செயலர்.

ஒரு ஞாயிறு மாலைப் பூசை முடிந்ததும் நான்கு இளைஞர்கள் என்னிடம் வந்தார்கள். ஜார்க்கண்டில் சிம்டேகா, ஒடிசாவில் சுந்தர்கர் பக்கத்தவர்கள். ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளிகள். ஓர் அறையில் பத்துப் பேர் தங்குகிறவர்கள். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர். நம் கோவிலில் கடைசி வரிசைக்கும் பின்னால் செருப்பு விடும் இடத்தருகே நிற்பார்களே, அவர்கள்தாம். ஆங்கிலத்தில் யாரையோ கொண்டு எழுதுவித்த ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். மாதத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், தங்கள் சாத்ரி மொழியில் பாடிச் செபிக்க நம் மண்டபத்தைத் தரவேண்டும். அவ்வளவுதான். நான் கோபிக்கவில்லை. சிரித்துத்தான் பேசினேன். “பார்க்கலாம், பேரவையில் வைக்கிறேன்” என்றேன். வைக்கவில்லை. மண்டபத்தை அழுக்காக்குவார்கள், பாத்திரம் காணாமற்போகும், ஒரு நாள் விட்டால் ஒவ்வொரு நாளும் கேட்பார்கள் என்றெல்லாம் என் மனத்துக்குள் நானே பேரவை கூட்டி, நானே தீர்மானமும் போட்டுக்கொண்டேன். இரண்டு முறை வந்து கேட்டார்கள். மூன்றாம் முறை வரவில்லை. பதினான்கு மாதம் அந்தக் கடிதம் கோப்பில் இருந்தது.

தமிழர் எப்படிப்பட்டவர்கள் என்று சிம்டேகாவில் அவர்களை யாராவது கேட்டிருப்பார்கள் அல்லவா? என்ன பதில் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் சுவாமி அவர்களிடம் கடிதத்தைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மண்டபச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். கடிதத்தில் கையெழுத்திட்ட நால்வரையும் தேடிப் போனேன். ஒருவர் இயந்திரத்தில் விரல் போய் ஊருக்குத் திரும்பிவிட்டார். ஒருவர் ஓசூருக்குப் போய்விட்டாராம். இருவர் இருந்தார்கள். “வாங்க அங்கிள்” என்று கட்டிலைத் துடைத்து உட்காரவைத்து, கடைக்கு ஓடிப்போய் எனக்குத் தேநீர் வாங்கிவந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டதை இந்தியில் மொழிபெயர்க்க ஆள் இல்லை. புரிந்துகொண்டார்களா என்று தெரியாது.

அவர்கள் மண்டபத்தில் கூடிப் பாடத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. பாத்திரம் எல்லாம் சரியாக இருக்கிறது. வெள்ளி விழாத் திருப்பலியில் காணிக்கைப் பாடலை அவர்கள் மாந்தர் மேளத்தோடு சாத்ரியில் பாடுவதென்று பேரவை தீர்மானித்துள்ளது. இந்த முறை உண்மையான பேரவை. பல்லவியை மட்டும் நாமும் சேர்ந்து பாடவேண்டுமென்று பாடகர் குழு விரும்புகிறது. தமிழ் எழுத்தில் எழுதிய தாள்கள் வாசலருகே மேசைமேல் வைக்கப்பட்டிருக்கின்றன. பயிற்சி சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு. அவர்கள் ஷிப்டு முடிந்து ஒரகடத்திலிருந்து வரவேண்டியிருப்பதால் கொஞ்சம் முன்பின் ஆகலாம், நாம் காத்திருப்போம்.